அத்தை தாண்டிப் படித்த பக்கங்கள்

ஹூஸ்டனில் ஹில்கிராஃப்ட் சாலையை ஒட்டிய பகுதிக்கு 2010-ல் மகாத்மா காந்தி மாவட்டம் என்று பெயர் வைத்தார்கள். தெருப் பெயர்ப் பலகைகளின் தலைமேல் இன்னொரு சிறு பலகையாக அந்தப் பெயர் உட்கார்ந்திருக்கிறது. அதற்குக் கீழே பட்டுப் புடவைக் கடைகள். அவற்றை அடுத்து இருபத்திரண்டு காரட் நகைக் கடைகள். காந்தியை நேரில் பார்த்த பிறகு பட்டையும் நகையையும் கழற்றி வைத்துவிட்டுக் கதருக்கு மாறிய ஒரு பெண்மணி சென்னை திருவல்லிக்கேணியில் இருந்தார் என்பது இந்தக் கண்ணாடிக் கதவுகளுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. பட்டேல் பிரதர்ஸில் துவரம்பருப்பு வாங்கிக்கொண்டு வண்டிக்குத் திரும்பும்போதெல்லாம் வை.மு. கோதைநாயகி அம்மாள் நினைவு எனக்குத்தான் வந்து தொலைக்கிறது.

இங்கே எல்லாம் கிடைக்கும். அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். முருங்கைக்காய் கிடைக்கும், கூழ்வடகம் கிடைக்கும், கும்பகோணம் டிகிரி காப்பி என்று தைரியமாக எழுதிய பொட்டலம் கிடைக்கும். கோயிலுக்குப் போக வேண்டுமென்றால் பேர்லாண்டில் மீனாட்சி இருக்கிறாள். தொண்ணூறுகளில் நாங்கள் வந்து இறங்கியபோது ஒரு கட்டுக் கீரைக்கு ஏங்கியிருக்கிறோம். இப்போது கீரை வந்துவிட்டது. ஏக்கம் போகவில்லை. வேறு இடம் பார்த்து உட்கார்ந்துகொண்டது.

எனக்கு அது உட்கார்ந்த இடம் ஒரு குரலில்.

முதலில் புத்தகங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மறுபதிப்புகளைச் சேர்க்கும் பித்து எனக்கு இந்த ஊரில்தான் பிடித்தது. டெக்சஸ்காரர்கள் தொடங்கிய ஹாஃப் ப்ரைஸ் புக்ஸ் கடையின் பழைய நாவல் அடுக்குகளில் பச்சை முதுகுகள் அங்கங்கே தலைகாட்டும். லண்டனில் கார்மென் கலில் தொடங்கிய விராகோ பதிப்பகம் 1978 முதல் கொண்டுவந்த வரிசை அது. அச்சிலிருந்து போய், நூலகத்திலிருந்தும் போய், பேரப்பிள்ளைகளின் ஞாபகத்திலிருந்தும் போய்விட்ட பெண் எழுத்தாளர்களைத் தேடிப் பிடித்து, எல்லோருக்கும் ஒரே பச்சை உடுப்புப் போட்டு, அட்டையில் பொருத்தமான ஓர் ஓவியத்தையும் பதித்து வெளியே விட்டார்கள். 1999-ல் பெர்செஃபனி பதிப்பகத்தின் முதல் நூல்கள் வந்தன. வெளியே வெறும் சாம்பல் நிற அட்டை. பிரித்தால், அந்த நாவல் பிறந்த காலத்தில் புழக்கத்தில் இருந்த ஒரு துணியின் பூவேலை உள்ளட்டை முழுக்கப் படர்ந்திருக்கும். அதே பூவேலையில் ஒரு புத்தகக்குறியும். 1930-களில் ஒரு பெண் எழுதியதைத் திறந்தால், அதே ஆண்டுகளில் இன்னொரு பெண் வீட்டு ஜன்னலில் தொங்கிய திரைச்சீலை. முதன்முதலில் பார்த்தபோது தொண்டை அடைத்தது. உருக்கத்தால் இல்லை, பொறாமையால்.

நம் நாவல்களுக்கு இப்படி யாராவது செய்திருந்தால்? நாவல் வந்த வருஷத்தில் திருவல்லிக்கேணியிலோ யாழ்ப்பாணத்திலோ நாகூரிலோ பெண்கள் உடுத்திய சுங்குடியை, கண்டாங்கிக் கட்டத்தை, ஒரு புடவைத் தலைப்பை உள்ளட்டையில் அச்சிட்டு வைத்திருந்தால்? இதை நினைத்துக்கொண்டே ஹூஸ்டன் வெயிலில், ஏசி ஓடும் காரில், பார்க்கிங்கில் உட்கார்ந்திருந்திருக்கிறேன். வீட்டுக்குப் போகத் தோன்றாது.

அந்த இரண்டு பதிப்பகங்களுக்கும் நடுவே ஒரு கோடு உண்டு. விராகோ அலுவலகத்தில் அதற்கு ‘விப்பிள் கோடு’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். டாரதி விப்பிள் 1930-களிலும் 40-களிலும் ஏராளமான பேர் விரும்பிப் படித்த நாவலாசிரியை. அந்தத் தரத்துக்குக் கீழே நாங்கள் இறங்குவதில்லை என்பது அவர்கள் வரம்பு. பெர்செஃபனி தன் மூன்றாவது நூலாகவே விப்பிளைப் போட்டது. அதன் பிறகு அவருடைய நாவல்கள் ஒவ்வொன்றாக வந்தன. தமிழிலும் அந்தக் கோடு இருக்கிறது. பெயர்தான் வைக்கவில்லை. மணிக்கொடி இதழ் ஒரு பக்கம், வை.மு.கோ. நடத்திய ஜகன்மோகினி இன்னொரு பக்கம். இலக்கிய வரலாறுகளில் வை.மு.கோ.வுக்கு ஒரு பத்தி ஒதுக்குவார்கள். 115 நாவல் எழுதினார் என்று எண்ணிச் சொல்வார்கள். எண்ணியவர்கள் படித்தார்களா என்பது அந்தப் பத்தியில் தெரியாது.

அவர் புதுமைப்பித்தன் இல்லைதான். தற்செயல்கள் மேல் தற்செயல்களாக அடுக்குவார். கெட்டவன் திருந்துவதற்கு ஒரு அத்தியாயம் போதும். நல்லவளுக்கோ கஷ்டம் தீர ஒரு முழு நாவல் வேண்டும். உபதேசம் தொடங்கினால் சீக்கிரம் நிற்காது. இதெல்லாம் எனக்கு இப்போது தெரிகிறது. அப்போது தெரியவில்லை, ஏனென்றால் நான் அவரைப் படிக்கவில்லை. கேட்டேன்.

அவருமே அப்படித்தான் தொடங்கினார். 1901-ல் பிறந்து, ஐந்தரை வயதில் திருவல்லிக்கேணிக்கு மருமகளாக வந்தவர். பள்ளிக்கூடம் போனதில்லை. கணவர் வை.மு. பார்த்தசாரதி நாடகம் பார்க்கக் கூட்டிப்போவார். பார்த்த நாடகங்கள் உள்ளே கிடந்து, தானும் ஒன்று செய்ய வேண்டும் என்று வந்தபோது, எழுத வராது. தோழி பட்டம்மாளை உட்கார வைத்துக்கொண்டு வாயால் சொன்னார். தோழி எழுதினார். ‘இந்திரமோகனா’ என்ற நாடகம் 1924-ல் அச்சில் வந்தது. மறு ஆண்டே ‘ஜகன்மோகினி’ பத்திரிகையை ஏற்று நடத்தத் தொடங்கி, அதில் ‘வைதேகி’யைத் தொடராக வெளியிட்டார். 1960-ல் கண்மூடும்வரை அவர் பெயரும் அந்தப் பத்திரிகையின் பெயரும் பிரியவில்லை. நடுவில் மதுக்கடை மறியல், சிறை. சிறைக்குள்ளும் நாவல் எழுதினார். மேடையில் பேசினார், நன்றாகப் பாடவும் செய்தார். காந்தி சுடப்பட்ட 1948-ல் திருவல்லிக்கேணியில் மகாத்மாஜி சேவா சங்கம் தொடங்கினார். ஹில்கிராஃப்ட் பலகையைப் பார்த்தால் எனக்கு அந்தச் சங்கம் ஞாபகம் வருவதில் தப்பில்லை அல்லவா?

இந்த வாழ்க்கையில் மறுபடி மறுபடி நான் போய் நிற்கும் இடம், அந்த இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்த கூடம். ஒருத்தி சொல்ல, ஒருத்தி எழுத. கதை முதலில் காற்றில் இருந்தது. பிறகுதான் தாளுக்கு வந்தது. வந்த தாள் ரயிலேறி, பஸ் ஏறி மன்னார்குடிக்கு வந்தபோது, எங்கள் அத்தை அதை மறுபடி காற்றில் ஏற்றிவிட்டாள்.

மன்னார்குடியில் எங்கள் வீடு ஹரித்ராநதி தெப்பக்குளத்திலிருந்து நடந்துபோகும் தூரம். மத்தியானச் சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவிக் கவிழ்த்து, கூடத்தைத் துடைத்துவிட்ட பிறகு ஒரு நேரம் வரும். இரண்டு மணிக்கு மேல் நான்கு மணிக்குள். ஆண்கள் வீட்டில் இல்லாத நேரம், அல்லது இருந்தாலும் தூங்கும் நேரம். எதிர்வீட்டுப் பெரியம்மா வருவார். பக்கத்து வீட்டு மருமகள் மாமியாருக்குத் தெரிந்தே, ஆனால் தெரியாததுபோல வருவாள். பாட்டி தூணில் சாய்ந்து காலை நீட்டுவாள். கறவைக்கு வருகிற அம்மா முற்றத்துப் படியோடு நின்றுவிடுவாள். அவளை யாரும் உள்ளே வா என்று சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. அந்தக் கூடத்தைப் பற்றி ஏங்கும்போது இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆனால் கதை நின்றால் முதலில் கேட்பது அவள் குரல்தான்: “அப்புறம் என்னாச்சுங்கம்மா?”

அத்தை பைண்டை மடியில் வைத்துப் பிரிப்பாள்.

அந்த பைண்டைச் சொல்ல வேண்டும். பத்திரிகையில் மாதாமாதம் வந்ததைக் கிழித்துச் சேர்த்து, ராஜவீதியில் ஒரு பைண்டரிடம் கொடுத்துத் தைத்தது. கெட்டி அட்டை, முதுகுக்குக் கறுப்புக் காலிகோ துணி. பசையில் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் கலந்திருப்பார்கள். மூலைகளில் லேசாகப் பச்சை பூத்திருக்கும். பிள்ளைகள் விரலை வாயில் வைக்கக்கூடாது என்று அதட்டுவார்கள். முதல் பாரம் எப்போதோ போய்விட்டது, ஆகையால் தலைப்பு யாருக்கும் தெரியாது. எழுதியவர் வை.மு.கோ. என்பது பாட்டிக்குத் தெரியும். கதைக்கு எங்கள் வீட்டுப் பெயர் ‘கறுப்பு பைண்டு’. அத்தியாயத்துக்கு அத்தியாயம் நடுவே தலைவலித் தைலம், கூந்தல் எண்ணெய் விளம்பரங்கள். அத்தை அவற்றையும் அதே குரலில் படித்துவிடுவாள். கதாநாயகி மயங்கி விழுந்த மறுகணம் கூந்தல் வளர ஒரு வழி. அதுவும் கதைதான் என்று நான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

குரலை எப்படி எழுதுவது? சன்னமான குரல் இல்லை. கொஞ்சம் கரகரப்பு, வெற்றிலை போட்ட பிறகு இன்னும் கொஞ்சம். வக்கீல் பேசினால் மூக்கால் பேசுவாள். மாமியார் பேசினால் பாட்டியைப் பார்த்துக்கொண்டே பேசுவாள், கூடத்தில் சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமாகும். அழுகைக் கட்டம் வந்தால் மட்டும் நடிப்பை விட்டுவிட்டு, வேகமாக, தட்டையாக, பால் கணக்கு வாசிப்பதுபோல வாசித்துவிட்டுப் போவாள். அந்த இடங்களில்தான் எல்லோரும் அழுவார்கள். கதை முடிச்சு விழும் இடத்தில் நிறுத்திவிட்டுப் பாக்குவெட்டியை எடுப்பாள். கடக். இன்னொரு கடக். யாரும் மூச்சு விடமாட்டோம். பாக்கை வாயில் ஒதுக்கிக்கொண்டு, “இப்போ ஒரு வாசகம் சொல்றாங்க பாரு” என்று தொடங்கி, ஒன்றிரண்டு வரி சொல்லிவிட்டு, “விளக்கு வைக்கிற நேரமாச்சு, மீதி நாளைக்கு” என்று மூடிவிடுவாள்.

அந்த மூடும் ஓசை. தடித்த அட்டை விழும் அந்த ஒரு சின்ன ஓசை.

இன்று என் ஐபேடில் நூறு வருஷத்து நாவல்கள் இருக்கின்றன. மதுரைத் திட்டம் 1998-லிருந்து தட்டச்சுச் செய்து ஏற்றியவை ஒரு புறம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் ஒளிவருடி வைத்திருப்பவை ஒரு புறம். கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாளெல்லாம் சேர்த்தவை சென்னைக்கு வந்து ஆராய்ச்சி நூலகமாகி, யாரும் மதிக்காத காலணா நாவலுக்கும் அங்கே ஓர் எண் கொடுத்துக் காப்பாற்றிவிட்டார்கள். இவர்களுக்கெல்லாம் கைகூப்ப வேண்டும், கூப்புகிறேன். இரவில் விரலால் பக்கத்தைத் தள்ளிக்கொண்டே போகிறேன். எழுத்தைப் பெரிதாக்கலாம், வெளிச்சத்தைக் குறைக்கலாம். காதில் பொருத்திக்கொண்டால் எந்திரம்கூட வாசித்துக் காட்டும். அது வக்கீலையும் மாமியாரையும் ஒரே குரலில் வாசிக்கிறது. பாக்கு வெட்டத் தெரியவில்லை.

போன குளிர்காலத்தில் ஒரு தோழி சென்னையிலிருந்து வரும்போது மறுபதிப்புகள் கொண்டுவந்தாள். வை.மு.கோ. இறந்து அறுபது ஆண்டுகள் ஆகிவிட்டதால் 2021-லிருந்து யார் வேண்டுமானாலும் அவரை அச்சிடலாம். அச்சிடுகிறார்கள். பளபளக்கும் அட்டை, வெள்ளை வெளேரென்ற தாள். ஒரே அளவு, ஒரே வரிசை, முதுகில் எண். அலமாரியில் வைத்தால் கல்யாணத்துக்கு நிற்கும் சம்பந்தி வீட்டார் மாதிரி இருக்கிறது. வீட்டுக்கு வந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டார்கள். ஒருவரும் ஒன்றையும் பிரித்துப் பார்க்கவில்லை. நானே சில நாள் பிரிக்கவில்லை, உண்மையைச் சொன்னால். அழகாக இருந்தது, போதும் என்று இருந்தது.

பிரித்தால் குறை தெரியும். சில புத்தகங்களில் நாவல் முதலில் வந்த ஆண்டே இல்லை. முன்னுரை இல்லை. கணினியில் ஏற்றியவர் கண்ணயர்ந்த இடங்களில் வார்த்தைகள் கையும் காலும் ஒடிந்து கிடக்கின்றன. நூறு வருஷத்துக்கு முந்தைய ஒருத்தியை மேடைக்கு அழைத்துவிட்டு அவள் யாரென்று சொல்லாமல் விடுவதை என்னவென்று சொல்வது? ‘சித்தி’ என்ற 1966 படத்தில் பத்மினியைப் பார்த்து அழுதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் கதை ‘தயாநிதி’ என்ற வை.மு.கோ. நாவல் என்று அட்டையில் ஒரு வரி போட்டிருந்தால் பாதிப் பேர் வாங்குவார்கள்.

அவர் ஒருவர்தானா? மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் 1936-ல் ‘தாசிகள் மோசவலை அல்லது மதி பெற்ற மைனர்’ எழுதினார். தான் பிறந்து வளர்ந்த தேவதாசிச் சமூகத்தின் கொடுமைகளை உள்ளிருந்தே எழுதியவர். தமிழ்நாட்டில் அவர் பெயரை, 2022 வரை இருந்த திருமண உதவித் திட்டத்தின் பெயராகத்தான் அதிகம் பேருக்குத் தெரியும். மனு எழுதியவர்களில் எத்தனை பேர் அந்த அம்மா ஒரு நாவலாசிரியை என்று அறிந்திருப்பார்கள்? நாகூரில் சித்தி ஜுனைதா பேகம் மூன்றாம் வகுப்போடு நின்றவர். 1938-ல் ‘காதலா? கடமையா?’ என்ற நாவலைத் தன் பெயரிலேயே வெளியிட்டார், உ.வே.சாமிநாதையரிடம் முன்னுரையும் வாங்கினார். யாழ்ப்பாணத்து மங்களநாயகம் தம்பையா இவர்களுக்கெல்லாம் முன்பே, 1914-ல், ‘நொறுங்குண்ட இருதயம்’ தந்துவிட்டார். அவர் நாவலைச் சின்ன வயதில் வீட்டில் யாராவது வாசிக்கக் கேட்டவர்கள் எங்கே சிதறிக் கிடக்கிறார்களோ. டொரன்டோவிலா, லண்டனிலா. அவர்களில் ஒருவர் இதைப் படித்தால், உங்கள் கூடத்திலும் ஒரு பாக்குவெட்டி இருந்ததா என்று கேட்க ஆசை. யாழ்ப்பாணத்தில் அது பாக்குவெட்டிதானா, சுருட்டு நெருப்பா, தெரியாது. ஏதோ ஒன்று இருந்திருக்கும்.

கறுப்பு பைண்டு ஹூஸ்டனுக்கு வந்ததும் ஒரு கதை. அத்தை போன பிறகு அப்பா அதை என்னிடம் கொடுத்தார். “உனக்குத்தான் இதில் பைத்தியம்” என்றார். பாச்சை உருண்டை வாசனையோடு பெட்டியில் ஏறியது. இங்கே வந்து, படுக்கை அறை அலமாரியின் கீழ்த்தட்டில், வருஷக்கணக்கில் கிடந்தது. எடுத்துப் படித்தது குறைவு. இருக்கிறது என்பதே போதுமாக இருந்தது.

2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் வந்தது. நாள்கணக்கில் மழை. பிரேஸ் பாயு ஓடை நிரம்பிக் கரையை விட்டு ஏறி, தெருவில் புகுந்து, விடியற்காலையில் கதவுக்கு அடியால் சத்தமில்லாமல் உள்ளே வந்தது. பெட்டிகளை மாடிக்கு ஏற்றினோம். பாஸ்போர்ட், பத்திரங்கள், மடிக்கணினி, பாட்டியின் வெள்ளி விளக்கு. கீழ்த்தட்டு ஞாபகத்துக்கு வரவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு எடுத்தபோது பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே செங்கல்லாக இருந்தது. மன்னார்குடிக் கரையானைத் தடுத்த மயில்துத்தத்தால் டெக்சஸ் வெள்ளத்தோடு ஒன்றும் செய்ய முடியவில்லை. தெருவில் வீட்டுக்கு வீடு நடைபாதையோரம் ஊறிய மெத்தையும் சுவர்ப் பலகையும் மலையாகக் குவிந்திருந்தன. அந்த மலையில் எங்கள் பங்கோடு அதுவும் போயிற்று. மாநகராட்சி லாரி வர வாரக்கணக்கானது. அதுவரை ஜன்னல் பக்கம் போவதைத் தவிர்த்தேன்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது.

தோழி கொண்டுவந்த மறுபதிப்புகளில் ஒன்றை இந்தக் கோடையில் படித்துக்கொண்டிருந்தேன். எந்த நாவல் என்று சொல்லவில்லை. உங்கள் வீட்டில் அதற்கு வேறு பெயர் இருந்திருக்கும். ஐம்பது பக்கம் போயிருக்கும், காது நிமிர்ந்தது. இந்த வக்கீலை எனக்குத் தெரியுமே. இந்த மாமியாரை, இந்தத் தபாலை, இந்த மழை ராத்திரியை. கறுப்பு பைண்டு! ராத்திரி முழுக்க உட்கார்ந்து படித்தேன். முதல் பாரத்தில் போன அத்தியாயங்களும் இருந்தன. எத்தனையோ காலமாகத் தெரியாமல் இருந்த தொடக்கம் கிடைத்தது. தலைப்பும் கிடைத்தது. சந்தோஷப்பட வேண்டும், பட்டேன், கொஞ்ச நேரம்.

பிறகு ஒவ்வொன்றாக இல்லாமல் போயின.

அச்சில் வக்கீல் வடமொழி கலந்த நீளமான தமிழில் பேசுகிறார். எங்கள் கூடத்தில் அவர் மன்னார்குடிப் பேச்சு பேசினார். அவர் பேச்சில் கூடமே குலுங்கிச் சிரித்த ஒரு வரி இருந்தது, அதைத் தேடினேன். இல்லை. அத்தை முடிச்சுப் போட்டு நிறுத்திய இடங்களில் புத்தகத்தில் முடிச்சு எதுவும் இல்லை, கதை பாட்டுக்கு ஓடுகிறது. அவள் “ஒரு வாசகம் சொல்றாங்க பாரு” என்று சொல்லி எங்களுக்குக் கொடுத்த வாசகங்கள், நான் இந்த ஊரில் வேலை போன நாளிலும், அம்மா போன நாளிலும் எனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்ட வாசகங்கள், ஒன்றுகூட அங்கே இல்லை. அவற்றின் இடத்தில் வேறு உபதேசம் இருக்கிறது, இரண்டு பக்கத்துக்கு, விதவையானவள் எப்படி அடங்கி இருக்க வேண்டும் என்று. அத்தை அதை வாசித்ததே இல்லை. அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் அவள் பாக்குவெட்டியை எடுத்திருக்கிறாள்.

அத்தை இருபது வயதில் தாலி இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பியவள்.

அந்தப் பக்கத்தை நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். வெள்ளைத் தாளில், சீரான எழுத்தில், அச்சுப்பிழைகூட இல்லாமல் இருந்தது. பைண்டில் அந்தத் தாள் எப்படி இருந்திருக்கும்? பிரிக்கப்படாமல் புதிதாக இருந்திருக்குமா, அல்லது தனியே இருக்கும்போது அவள் வாசித்து வாசித்து மெலிந்திருக்குமா? அந்தச் செங்கல்லைப் பிரித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். சேகரிப்பவர்களுக்கென்று எத்தனை அழகாக, எத்தனை பிழையில்லாமல் மறுபதிப்புப் போட்டாலும், சுங்குடியை உள்ளட்டையாக வைத்தாலும், எந்தப் பதிப்பகத்தாலும் இதைத் திரும்ப அச்சிட முடியாது. கதை சொல்லத் தொடங்கியவர் எழுதத் தெரியாத ஒரு பெண். அதைப் பட்டம்மாள் எழுதிவைத்தார். என் அத்தை சொன்னதை எழுதிவைக்க ஒரு பட்டம்மாள் இல்லை. எழுதத் தெரிந்த நான் பக்கத்தில் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தேன்.

சமையல்காரம்மா விஷயத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்த நாவலில் வக்கீல் வீட்டில் ஒரு சமையல்காரம்மா வருகிறாள். அச்சில் அவளுக்கு ஒரே வேலை. காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போகிறாள். பிறகு வருவதில்லை. எங்கள் கூடத்தில் அவள்தான் பாதிக் கதை. பருப்பு வேகவில்லை என்று அலுத்துக்கொள்வாள், கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்பாள், உயில் எங்கே இருக்கிறது என்பது அவளுக்கு மட்டும் தெரியும். கடைசியில் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் காசிக்குக் கிளம்பிப் போய்விடுவாள். முற்றத்துப் படியில் நின்ற கறவைக்கார அம்மா அன்று வெகுநேரம் வீட்டுக்குப் போகவில்லை.

மன்னார்குடியிலேயே இருக்கும் சித்தப்பா மகளுக்குப் போன் போட்டேன். எனக்கு அவள் எட்டு வயது இளையவள். நான் கல்லூரிக்குப் போன பிறகு அத்தையின் மத்தியானங்கள் அவளுக்கும் அவள் தம்பிகளுக்கும் போயின. இங்கே இரவு ஏழு மணி, அங்கே விடியற்காலை. புத்தகம் கிடைத்ததைச் சொன்னேன். சமையல்காரம்மா அதில் இல்லை என்றேன். காசிக்குப் போனதும் இல்லை.

“காசிக்கா? காசிக்கு எங்க போனாங்க?” என்றாள். “வீட்டுச் சாவியே கடைசியில அந்தம்மா கைக்குத்தானே வந்துச்சு? வக்கீல் திண்ணையில உக்காந்திருப்பாரு, இந்தம்மா உள்ளேருந்து கதவைத் தாப்பாப் போடுவாங்க. அத்தை தாப்பாப் போடற மாதிரி கையால செஞ்சுகூடக் காமிப்பாங்களே, அக்கா.”

எங்களுக்குக் காசிதான் என்றேன். இல்லவே இல்லை, சாவிதான் என்றாள். நீ சின்னப்பெண், உனக்குச் சரியாக ஞாபகம் இல்லை என்றேன். நீங்கதான் ஊரிலேயே இல்லையே என்றாள். அது சுருக்கென்று தைத்தது, ஆனாலும் விடவில்லை. இரண்டு பேரும் அத்தையின் குரலில் சொல்லிக் காட்டிப் பார்த்தோம். இரண்டுமே அவள் குரல் மாதிரிதான் இருந்தது. அவள் பேரனுக்கு ஸ்கூல் வேன் வந்துவிட்டது, சாயங்காலம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டாள். கூப்பிட்டால் முதலில் பாட்டி கேட்ட முடிவு எது என்று கேட்க வேண்டும். நாங்கள் கேட்பதற்கு முன்னால் பாட்டிக்கு அத்தை மூன்றாவதாக ஒன்று சொல்லியிருப்பாள்.